கேள்வியை முதலில் படித்தவள்

ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? மூலையில் தடவிய மஞ்சளைப் பார்ப்பார்கள், பிள்ளையார் படத்தைப் பார்ப்பார்கள். பிறகு பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா என்று ஒரு பெயர் விடாமல் வாசிப்பார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில், தொழிலாளர்கள் குடியிருக்கும் அந்த வரிசை வீடுகளில், அது ஒரு மரியாதை. பத்திரிகை கொண்டுவந்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே வாய்விட்டு வாசிக்க வேண்டும். தன் பெயர் வரும் இடத்தில் அவர் லேசாகச் செருமிக்கொள்வார்.

அவள் அப்படியெல்லாம் செய்யமாட்டாள். உறையைப் பிரிக்கும்போதே, "இதுல எனக்கு என்ன தெரியணும்?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வாள். தேதி, மண்டபம், நேரம். கண் இரண்டு முறை மேலும் கீழும் ஓடும். "ஞாயித்துக்கிழமை, ரிங்லெட், பத்தரைக்குள்ள. வந்துடறோம்" என்று சொல்லிப் பத்திரிகையைத் திருப்பியும் கொடுத்துவிடுவாள். பத்திரிகையைத் திருப்பிக் கொடுப்பதாவது! ஒரு கல்யாணப் பெண்ணின் பெரியப்பா, இவள் தன் பெயரை வாசிக்கவில்லை என்ற கோபத்தில் மூன்று மாதம் அவள் வீட்டுப் பக்கமே தலைவைக்கவில்லை. அவர் ஏன் முறைக்கிறார் என்று அவளுக்கு நான்தான் விளக்க வேண்டியிருந்தது. "அவர் பேரு கேள்வியிலயே இல்லையே" என்றாள்.

அவள் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை. தன்னைப் பற்றி எழுதினால் எழுதிக்கொள், பெயரை மட்டும் போடாதே என்று சொல்லியிருக்கிறாள். பெயரைப் போட்டால் எல்லோரும் அந்தப் பெயர் எங்கெங்கே வருகிறது என்றுதான் தேடுவார்களாம், மற்றதைப் படிக்கமாட்டார்களாம். வாசிப்பைப் பற்றி அவள் சொன்னால் நான் மறுபேச்சுப் பேசுவதில்லை.

நாங்கள் இருவரும் ஒரே வயது. ஒரே தோட்டத்தில் பிறந்தோம். அவள் மேல் லயம், நான் கீழ் லயம். தாதிப் பயிற்சி முடித்து, பக்கத்து மலை நகரமான தானா ராத்தாவில் ஒரு தனியார் கிளினிக்கில் ஒன்றாக வேலை பார்த்தோம். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஆனால் அதற்கு முன் ஓர் ஆங்கிலத் தேர்வு உண்டு. கேட்பது, பேசுவது, எழுதுவது மூன்றிலும் அவள் எப்படியோ தப்பித்துவிட்டாள். வாசிப்பில் மட்டும் ஒன்பதுக்கு ஏழு வாங்க வேண்டிய இடத்தில் ஆறுதான் வந்தது.

அந்த முதல் தோல்வி வரைக்கும் அவளும் எல்லோரையும் போல்தான் படித்தாள். மூன்று பெரிய கட்டுரைகள், நாற்பது கேள்விகள், அறுபது நிமிடம். முதல் கட்டுரையை ஊரிலிருந்து வந்த கடிதம் மாதிரி உட்கார்ந்து அனுபவித்துப் படித்திருக்கிறாள். இரண்டாவதில் தெரியாத சொல் ஒன்று வர, அதிலேயே முட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். மூன்றாவது கட்டுரைக்கு வந்தபோது நான்கு நிமிடம்தான் மிச்சம். தேர்வு எழுதிவிட்டு மலையேறி வந்ததும் என்னிடம் அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு பயிற்சிப் புத்தகத்தைத் தூக்கி என் முன்னால் போட்டு, "இனிமே முழுசா எதையும் படிக்கப் போறதில்லடி" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் கிளினிக் ஒரே அமர்க்களம்தான். மதிய இடைவேளையில் ஊசி, கத்தரிக்கோலைச் சுத்தப்படுத்த வேகவைக்கும் பெட்டியின் மணிக்கடிகாரத்தை இருபது நிமிடத்துக்குத் திருகி வைப்பாள். கட்டுரையைக் கையால் மூடிக்கொண்டு கேள்விகளை மட்டும் படிப்பாள். ஒவ்வொரு பத்தியிலும் முதல் வரியை மட்டும் பார்த்து, ஓரத்தில் "எலி", "மழை", "பழைய காலம்" என்று தமிழில் ஒரு சொல் கிறுக்கிவைப்பாள். அப்புறம்தான் தேடல் தொடங்கும். அப்போது அவள் கண் போகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கே மூச்சு வாங்கும்.

இது எப்படி வந்தது என்று கேட்டேன். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு மலைக்குப் போனபோது கற்றுக்கொண்டதாம். கொழுந்தெடுக்கிறவர்கள் செடி முழுவதையும் பார்ப்பதில்லை, இளம்பச்சை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கண் போகும், கை அதன் பின்னால் போகும். "முத்துன இலையையெல்லாம் ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டு நின்னா கூடை நெறையுமா?" என்றாள்.

வெளியே போனாலும் இதே வேலைதான். பிரிஞ்சாங்கில் சனிக்கிழமை மாலை சந்தைக்குப் போவோம். பனி இறங்கிக்கொண்டிருக்கும், கூட்டம் முண்டும், அவளோ கைத்தொலைபேசியில் நிறுத்துக் கடிகாரத்தைத் தட்டிவிட்டு, "சீனி போடாத பழ ஜூஸுன்னு எந்தக் கடை போர்டுல போட்டிருக்கு, கண்டுபிடி" என்பாள். இரண்டு வளர்ந்த பெண்கள் பலகைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஓடுவதைச் சுற்றுலா வந்தவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாகவும் இருக்கும், ஜெயிக்க வேண்டும் என்ற வெறியும் இருக்கும். ஒருமுறைகூட நான் ஜெயித்ததில்லை.

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், என் ஆங்கிலம் அவளுடையதைவிட நல்ல ஆங்கிலம். நான் ஆங்கிலக் கதைப் புத்தகம் படித்து வளர்ந்தவள். அவள் படிப்பதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்து, நானும் அந்தத் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டேன். பயிற்சித் தாளில் ஒவ்வொரு முறையும் அவளைவிட இரண்டு மூன்று மார்க் குறைவாகத்தான் எடுத்தேன்.

காரணம் ஒரே வகைக் கேள்வி. ஒரு வாக்கியம் கொடுப்பார்கள். கட்டுரையின்படி அது சரியா, தப்பா, அல்லது கட்டுரையில் சொல்லப்படவே இல்லையா என்று எழுத வேண்டும். ஒருநாள் மருத்துவமனைகளில் கை கழுவும் பழக்கத்தைப் பற்றிய கட்டுரை. தாதிகள் ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னால் கை கழுவுகிறார்கள் என்று ஒரு வாக்கியம். யோசிக்காமல் சரி என்று போட்டேன். அவள் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டாள்.

"நாம கழுவறோம்லா" என்று சண்டைக்குப் போனேன்.

"நாம கழுவறோம். அவங்க அதை எழுதலையே. டாக்டருங்களப் பத்தி மட்டும்தான் எழுதியிருக்காங்க. உனக்குத் தெரிஞ்சதை யாரு கேட்டா?"

இந்தச் சரி, தப்பு, சொல்லலை மூன்றும் மெல்ல மெல்ல அவள் வாழ்க்கைக்குள்ளேயே புகுந்துவிட்டன. தண்ணீர்க் குழாயடியில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது: இவள் இங்கிலாந்து போனால் அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவாள், அம்மாக்காரி தனியாகக் கிடந்து சாகப்போகிறாள் என்று. நான் கொதித்துப்போய் அவளிடம் சொன்னேன். அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். அதைத் தப்பு என்று சொல்லத் தன்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை என்றாள். எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது.

ஆனால் இந்தக் குணம் ஒருநாள் லயத்தையே காப்பாற்றியது. அவள் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தைக்குத் தோட்டத்தில் முப்பது வருட வேலை. முதலில் கையால் கொழுந்தெடுத்தார், பிறகு பெரிய கத்தரியால் வெட்டினார், கடைசியில் இரண்டு பேர் இரண்டு பக்கம் தூக்கிப் பிடிக்கும் இயந்திரம் வந்தது. சரிவில் அதைத் தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது. நிமிர்ந்து நடக்க முடியாது. ராத்திரியில் ஒருக்களித்துத்தான் படுப்பார், திரும்ப வேண்டுமென்றால் அவளைக் கூப்பிடுவார். அவருக்கும் இன்னும் மூன்று பேருக்கும் ஓய்வு கொடுத்து, கூடவே வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தோட்டத்திலிருந்து கடிதம் வந்தது. வேலை செய்பவர் இல்லாத வீட்டைத் தோட்டம் திரும்ப வாங்கிக்கொள்ளும், அதுதான் வழக்கம். கடிதத்தைக் கொண்டுவந்த ஆபீஸ் குமாஸ்தா, எங்கள் கிராணி, இந்த மாதக் கடைசிக்குள் போக வேண்டும் என்று வாயால் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் வேலை முடிந்து போனபோது நான்கு வீட்டிலும் அழுகை. ஒரு வீட்டில் சட்டி பானையைக்கூடக் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

அவள் கடிதத்தை வாங்கினாள். என்ன தெரியணும்? எப்போது என்று தெரியணும். கண் ஓடியது. "ஆறு மாசம்னு போட்டிருக்கு. இந்த மாசம்னு எங்கயும் இல்ல" என்றாள். கீழே இன்னொரு வரியில், தேவையானால் இன்னும் சில நாள் அவகாசம் எழுதிக் கேட்டுக்கொள்ளலாம் என்றும் இருந்தது. கிராணியே அதுவரை அந்த வரியைப் படித்திருக்கவில்லை.

நான்கு வீட்டிலும் அடுப்பு மூட்டினார்கள். ஆனால் அவளுக்கு அந்த ஆறு மாதம்தான் கணக்கு. அதற்குள் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தால், அங்கே வாங்கும் சம்பளத்தில் தானா ராத்தாவில் படி ஏறாமல் போகக்கூடிய ஒரு வீட்டை அம்மாவுக்கு வாடகைக்குப் பிடித்து, துணைக்கு ஓர் ஆளும் வைக்கலாம். இல்லையென்றால் அத்தை ரிங்லெட்டில் தன் தம்பி வீட்டின் பின்கட்டில், உரமூட்டைகளுக்கு நடுவில் போய்ப் படுக்க வேண்டும். மருத்துவமனையும் இன்னொரு முறைதான் காத்திருப்பதாக எழுதியிருந்தது. வாசிப்பில் ஏழு. அதுவும் இந்த முறையே.

கடிதம் வந்த அன்று ராத்திரி அத்தை அவளிடம், "நீ போனாலும் திரும்பி வந்துடுவதானே?" என்று கேட்டார்.

"தெரியலம்மா. இப்ப எதுவும் சொல்ல முடியாது" என்றாள் அவள்.

அத்தை அன்று சாப்பிடவில்லை. வெளியே வந்ததும் நான் அவளைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். வருவேன் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும், அது என்ன உன் தேர்வுத் தாளா என்று கேட்டேன். தெரியாததைத் தெரியும் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அவள் திரும்பக் கேட்டாள். கண் கலங்கியிருந்தாள். கல்நெஞ்சக்காரி இல்லை அவள். தன்னிடம் இல்லாத பதிலை எடுத்துக் கொடுக்க அவளுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

தேர்வு மலைக்குக் கீழே, ஈப்போ நகரத்தில். விடியும் முன்பே காய்கறி லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினோம். வளைவுக்கு வளைவு நான் பேருந்தின் முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவளோ ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் பார்த்து விரலால் முழங்காலில் தட்டிக்கொண்டே வந்தாள். அறைக்குள் எனக்கு மூன்று வரிசை முன்னால் அவள் இடம்.

முதல் கட்டுரை ஏதோ கடல் பறவைகள். இரண்டாவது, நகரங்களில் சத்தம். சொல்லித் தந்தபடி கேள்வி, முதல் வரி, தேடல் என்று ஓடினேன். நேரம் என் பக்கம்தான் இருந்தது. மூன்றாவது தாளைத் திருப்பினேன். தேயிலை!

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எங்கள் தேயிலை! மலைச் சரிவு, கொழுந்து, வாட்டும் தட்டு, உருட்டும் இயந்திரம், பெட்டி. எங்கேயோ இருக்கும் ஒரு வெள்ளைக்காரன் எங்கள் ஆலையைப் பற்றிக் கேள்வி கேட்கிறான். என் அப்பா இருபது வருடம் இலை வாட்டினவர். எழுந்து நின்று கூவாத குறைதான். கேள்வியாவது, முதல் வரியாவது, எல்லாவற்றையும் மறந்து, அந்தக் கட்டுரையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ருசித்து ருசித்துப் படித்தேன். பிறகு மளமளவென்று பதில் எழுதினேன். மழைக்காலத்தில் இலை வாட அதிக நேரம் பிடிக்கும், சரி. முதல் தரத் தூள் முதலில் சலித்து வரும், சரி. கட்டுரையைத் திரும்பிப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்தேன். எங்களுக்கா தெரியாது?

நேரம் முடியும் தறுவாயில் நிமிர்ந்து பார்த்தேன். அவள் எழுதி முடித்துவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழிப்பானை எடுத்து எதையோ அழித்தாள். வேறு எதையோ எழுதினாள். மணி அடித்துவிட்டது.

திரும்பும் பேருந்தில் நான் வாய் ஓயாமல் பேசினேன். தேயிலை வந்தது எங்கள் அதிர்ஷ்டம் என்றேன். என் பதில்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். நான்காவதிலேயே அவள் நிறுத்தி, மழைக்காலத்தைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வார்த்தையும் கிடையாது என்றாள். தூள் சலிப்பதைப் பற்றியும் கிடையாது. அதெல்லாம் எனக்கு என் அப்பா சொன்னது. எனக்கு முகம் விழுந்துவிட்டது. தோட்டத்தில் பிறக்காத எவளும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டாள்.

"நீ எல்லாம் சரியாப் போட்டிருப்ப" என்றேன்.

அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணு தப்பாப் போட்டேன்."

அந்தக் கட்டுரையில் ஒரு பத்தி எனக்கும் நினைவிருந்தது. குளிர்ந்த காற்று, பாட்டுப் பாடும் பெண்கள், வயதான பிறகும் செய்யக்கூடிய இலகுவான வேலை என்று எழுதியவர் உருகியிருந்தார். கொழுந்தெடுப்பது உடம்பை வருத்தாத வேலை என்பது கேள்வி. கட்டுரையின்படி சரி. ஒரு குழந்தைகூடச் சரி என்று போடும். நானும் எப்படியோ அதை மட்டும் ஒழுங்காகப் போட்டிருந்தேன்.

"நானும் சரின்னுதான்டி மொதல்ல எழுதினேன். அழிச்சிட்டுத் தப்புன்னு போட்டுட்டேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். அதை எழுதி வச்சிட்டு வீட்டுக்குப் போய் அம்மாவத் திருப்பிப் படுக்கவைக்க என்னால முடியாது."

இத்தனை நாள் என் பதில்களைச் சிவப்புப் பேனாவால் அடித்தவளா இது? ஒரு மார்க்கில் ஆறரை ஆகிவிட்டால் என்ன செய்வாய், அத்தை உரமூட்டைக்கு நடுவில் படுப்பாரே, அது மட்டும் பரவாயில்லையா என்று பேருந்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். மீதி முப்பத்தொன்பது இருக்கிறதே என்று அவள் சொன்னாள். ஆனால் குரல் அத்தனை திடமாக இல்லை. மலையேறும் அந்த வண்டியில் அவள் என் கையைப் பிடித்திருந்தாள்.

அடுத்த இரண்டு வாரம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும்தான். என் தேர்வை நான் மறந்தே போனேன்.

முடிவு வந்த அன்று கிளினிக்கில் காய்ச்சல் கூட்டம். ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. இருவர் தொலைபேசியும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன. மருந்து அலமாரிக்குப் பின்னால் ஓடினோம். என்னுடையது வாசிப்பில் ஆறரை. அவள் தன்னுடையதைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள். இரண்டு நொடியில் எதையும் கண்டுபிடிப்பவளுக்கு அந்த ஒரு இலக்கத்தைப் பார்க்க அவ்வளவு நேரம் ஆனது. நான் பிடுங்கிப் பார்த்தேன். ஏழு!

நான் போட்ட கூச்சலில் டாக்டர் ஊசியும் கையுமாக ஓடிவந்தார். காய்ச்சல் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. வரிசையில் இருந்த ஒரு சீனப் பாட்டி, என்ன ஏதென்று தெரியாமலே கை தட்டினார். நான் தேறவில்லையே என்ற வருத்தம் எனக்குச் சத்தியமாக அன்று முழுவதும் வரவில்லை. இரண்டு நாள் கழித்து வந்தது. அடுத்த முறை எழுதித் தேறினேன், அது வேறு கதை.

அவள் இப்போது இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் ஒரு மருத்துவமனையில் இருக்கிறாள். ஆறு மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது அத்தை தானா ராத்தாவில் படியில்லாத ஒரு வீட்டுக்குப் போனார். நானும் போய்ப் பால் காய்ச்சினேன். ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது, முடிவு வந்த அந்த மத்தியானம்தான்.

டாக்டரிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு, சீருடையோடு, தூறலில் மழைச்சட்டைகூடப் போடாமல் அவள் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் பறந்தோம். அத்தை குசினியில் குட்டை நாற்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். பாஸாகிவிட்டது என்று சொன்னதும் அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முந்தானையால் எங்கள் இருவர் தலையையும் துவட்டினார். பிறகு, இப்படிப் போட்டு உன்னைப் பாடாய்ப் படுத்தினார்களே, அப்படி என்னதான் கேட்டார்கள் என்று விசாரித்தார்.

"உங்க வேலையப் பத்திதான்மா கேட்டாங்க. கொழுந்தெடுக்கறது லேசான வேலையான்னு."

அத்தையின் கத்தி நின்றது. "நீ என்ன எழுதின?"

"இல்லன்னு எழுதினேன்."

"அதுக்கு மார்க் போட்டாங்களா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு மார்க் கிடையாது என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தன்னிடம் இல்லாத பதிலை அம்மாவிடம்கூடச் சொல்லத் தெரியாதவள் அவள். என்ன சொல்லிவைக்கப்போகிறாளோ!

"போட்டாங்கமா" என்றாள்.

அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சுவரைத் தொட்டுத் தொட்டு வெளியே போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஏய், இங்க வா. நம்ம வேலை கஷ்டம்னு இங்கிலாந்துக்காரங்களே ஒத்துக்கிட்டாங்களாம்."